கோச்சியில் வந்த வள்ளம்

சாமான் கோச்சி, அதுதான் சரக்கு ரயில், வருகிறதென்றால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? முன்னால் புகை கக்குகிற எஞ்சின், பின்னால் வரிசையாக அழுக்குப் பெட்டிகள், கடைசிப் பெட்டியில் கொடியும் கையுமாக ஒரு கார்ட். ஆட்கள் போகிற கோச்சியென்றாலாவது யார் வந்தார், யார் போனார், யார் புதுச்சேலை கட்டியிருந்தார் என்று பேச ஏதும் இருக்கும். சாமான் கோச்சியில் அரிசி மூட்டை இருக்கும், வெங்காயம் இருக்கும், ஓடு இருக்கும். ஊராரின் அரிசி மூட்டையை நின்று பார்த்தால் நம் வீட்டு உலை கொதிக்குமா?

ஆனால் எங்கள் அப்பா பார்த்தார். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்குகிற காலம், எல்லோரும் வலையைத் தட்டிக் கட்டிக் கடலுக்கு இறங்குகிற காலம், அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்டவாளக் கரையில் நின்றார். அவர் நின்றதால் வேலையில்லாத நாலு பேர் கூட நின்றார்கள். அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் நின்றேன். எனக்கு அப்போது கலியாணம் பேசுகிற வயது. கஞ்சிச் சட்டியோடு கோச்சிப் பாதையில் நிற்கிற பெண்ணை எவன் வந்து கேட்பான் என்று அம்மா ஒவ்வொரு நாளும் புலம்புவார். புலம்பிவிட்டுச் சட்டியை என் கையிலேயே தருவார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இந்தியாவிலிருந்து வருகிற கப்பல் தலைமன்னார்த் துறையில் சாமானை இறக்கும். அதைக் கோச்சி ஏற்றிக்கொண்டு மன்னார்த் தீவின் நீளத்துக்கும் ஓடி, பாலத்தால் பெரிய கரைக்கு ஏறி, முருங்கன் பக்கமாக உள்ளே போய்விடும். எங்கள் ஊர் தீவின் நடுப்பகுதியில், வடக்குக் கடற்கரையில் இருந்தது. ஊருக்கும் பனங்காட்டுக்கும் நடுவால் தண்டவாளம் போனது. ஒரு சின்ன ஸ்டேசனும் இருந்தது. நாங்கள் கருவாடு காயப்போடுகிற மணல்வெளி அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். கோச்சி போனால் கரித்தூள் பறந்து வந்து கருவாட்டில் படியும். அதைத் தட்டித் துடைப்பது என் வேலை. ஆகவே எனக்கும் சாமான் கோச்சிக்கும் முன்பிருந்தே ஆகாது.

அப்பா எதற்காக நின்றார் என்றால், அவருடைய வள்ளம் அந்தக் கோச்சியில் வர இருந்தது.

ஆம், வள்ளம்தான். கடலில் போகிற வள்ளம். அது தண்டவாளத்தில் வர இருந்தது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எங்கள் ஊர்க்காரர் சிரித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அப்பாவிடம் முன்பு ஒரு வள்ளம் இருந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அது பாரில் மோதி உடைந்தது. பார் என்றால் கடலுக்குள் கிடக்கிற கல்திட்டு. அதன் பிறகு அப்பா எங்கள் ஊர்ச் சம்மாட்டியின் கரைவலையில் கயிறு இழுக்கப் போனார். சம்மாட்டி என்றால் வலையும் தோணியும் ஆட்களும் வைத்திருக்கிற முதலாளி. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றவனுடைய வலையை இழுக்கிற கடல்காரன், மற்றவன் 'இழு' என்றால் இழுக்க வேண்டும், 'விடு' என்றால் விட வேண்டும். அப்பா அதைப் பல வருஷம் செய்தார். வீட்டுக்கு வந்தால் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். அது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே பிடிக்காத காட்சி.

பல வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மலையாளக் கரையிலிருந்து ஒரு வள்ளத்துக்குச் சொல்லிவைத்தார். ஒரே பெரிய மரத்தைக் குடைந்து செய்கிற வள்ளம். அது வருகிறது என்று தெரிந்ததும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இவர் நேரே சம்மாட்டியிடம் போனார்.

"சம்மாட்டியார், வாடை முடிஞ்ச பிறகு நான் வலைக்கு வரமாட்டன். எனக்குச் சொந்த வள்ளம் வருது."

"எதால வருது?" என்று சம்மாட்டி கேட்டார்.

"கோச்சியில."

சம்மாட்டி சிரிக்கவில்லையாம். "சரி, போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'வா'தான் அப்பாவைக் குத்தியது. வீட்டுக்கு வந்து, செத்தாலும் இனி அந்தக் கயிற்றைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

கடலால் கொண்டுவந்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். தலைமன்னாரிலிருந்து கரையோடு கரையாக இழுத்து வந்தால் ஒரு பகல் வேலை. ஆனால் எங்கள் பக்கத்துக் கடல்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது வள்ளம், அது இறங்கப்போகிற கரையில் மாதா கோவில் சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் உப்புத் தண்ணீரில் படக்கூடாது. மற்றவர்கள் இந்த வழக்கத்தை வளைத்துக் கொள்வார்கள். வள்ளத்தை இழுத்து வந்து, கரையேற்றித் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு சுவாமியாரைக் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முதல் வள்ளத்தை அப்படிச் செய்துதான் பாரில் கொடுத்தேன் என்று நம்பியிருந்தார். இந்த முறை ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படக்கூடாது. கப்பலில் ஏற்றி வந்ததைக் கோச்சியில் மாற்றி, ஸ்டேசனில் இறக்கி, ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வருவது என்று முடிவு. மாட்டுவண்டியில் கொண்டுவரலாமே என்றால், எங்கள் தீவின் மணலில் வெறும் வண்டியே அச்சு வரைக்கும் புதையும்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தலைமன்னார்த் துறையில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். அவர் பொறுப்பு. அவர் ஏற்றியும் விட்டார். 'வள்ளத்தை ஏத்தியாச்சு, பார்த்து இறக்குங்கோ' என்று மீன் விற்கப் போன ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். சொல்லி அனுப்பிய கையோடு குளிர்க்காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அப்பா ஸ்டேசனுக்குப் போனார். முதல் கோச்சி வந்தது. வள்ளம் இல்லை. அடுத்தது வந்தது. இல்லை. உள்ளே போன கோச்சி திரும்பித் துறைக்குப் போனது. அதிலும் இல்லை. ஸ்டேசன் மாஸ்டர் ஒரு பொறுமைசாலி. முதல் இரண்டு நாளும் அப்பாவுக்கு உட்காருகிற வாங்கில் இடங்கொடுத்தார். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது.

"இஞ்ச பாரும், வள்ளம் எண்டு ஒண்டும் வரேல்ல. வந்தால் உமக்குச் சொல்லாமல் நான் அதைச் சட்டைப்பைக்குள்ளயோ வைக்கப்போறன்?"

"ஏத்தியாச்சு எண்டு சொல்லி வந்தது ஐயா."

"ஏத்தினால் வரும். வள்ளம் என்ன ஊசியே, கண்ணில படாமல் போக?"

அதற்குப் பிறகுதான் அப்பா ஸ்டேசனை விட்டுத் தண்டவாளக் கரைக்கு வந்தார். ஸ்டேசன்காரர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. தன் கண்ணால் பெட்டி பெட்டியாகப் பார்த்தால்தான் நம்புவார். ஒரு பூவரச மரத்தின் கீழ் இடம் பிடித்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் எழும்பி, சால்வையை இடுப்பில் இறுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். பெட்டிகள் போகப் போகத் தலை கூடவே திரும்பும். கடைசிப் பெட்டி போன பிறகும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு மரத்தின் கீழ் இருந்துகொள்வார். இதுதான் வேலை.

கூட நின்றவர்கள் சும்மா நிற்பார்களா? மூடாத பெட்டிகளில் போகிற சாமானையெல்லாம் விமர்சனம் செய்தார்கள். அதில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது ஓலைப் பெட்டி. ஒரு நீளமான மூடாத பெட்டியில் பனையோலையைக் குவித்துக் கயிறு போட்டுக் கட்டி, அது உள்ளே போகும், சில நாளில் திரும்பி வரும், மறுபடி உள்ளே போகும். ஓலை பெட்டியின் விளிம்புக்கு மேலாகத் தொங்கிக்கொண்டு போகும். பனையோலைக்குப் பஞ்சமா மன்னாரில்? எவனோ விசரன் கோச்சி பிடித்து ஓலை அனுப்புகிறான், அங்கே வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறார்கள், இவன் விடாமல் மறுபடி அனுப்புகிறான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"உந்தக் கோதாரி ஓலைக்குப் பெட்டி கிடைக்குது. என்ர வள்ளத்துக்குக் கிடைக்கேல்ல" என்றார். ஒருமுறை கோபத்தில் ஒரு கல்லை எடுத்து அந்த ஓலைக்கு எறிந்தார். அது பட்டு 'டொக்' என்று கேட்டது.

இதைப் பொத்திப் பொத்தி வைத்துக் கடைசியில் சொன்னால் கதை நன்றாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அந்த ஓலைக்குள்தான் எங்கள் வள்ளம் இருந்தது. 'டொக்' என்று கேட்டதும் யாராவது யோசித்திருக்க வேண்டும். ஓலைக்குக் கல் பட்டால் அப்படிக் கேட்குமா? ஊரில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. நானும்தான் நின்றேன்.

ஓலை எப்படி வந்தது? அது அம்மாவின் வேலை.

அம்மாவுக்குக் கண்ணூறு என்றால் கொலைப் பயம். முதல் வள்ளம் உடைந்ததற்கு அப்பாவிடம் ஒரு காரணம் இருந்தது, அம்மாவிடம் வேறொரு காரணம் இருந்தது. அயல்வீட்டுப் பெண் ஒருத்தி கரையில் நின்று, 'என்ன வடிவான வள்ளம்' என்று சொன்னாளாம். அந்த வாயால்தான் வள்ளம் போனதென்பது அம்மாவின் தீர்ப்பு. அந்தப் பெண்ணோடு அம்மா அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவேயில்லை. இப்போது புது வள்ளத்தைத் திறந்த பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு வந்தால்? அப்பாவிடம் சொன்னால் எரிந்து விழுவார் என்று, அம்மா தன் தம்பிக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். வீட்டில் கிடந்த, பாய்மரத்தில் கட்டுகிற பழைய பாய்ச்சீலை ஒன்றையும் கொடுத்தனுப்பினார். ஒருவர் கண்ணிலும் படாமல் மூடிவிடு என்று சொல்லி.

மாமா சொன்ன வேலையைச் செய்யாமல் விடுகிறவரல்ல. சொன்னதற்கு மேலேயே செய்கிறவர். கிழிந்த சீலை போதாதென்று நினைத்தார். அதை அடியில் மெத்தை மாதிரி விரித்து, மேலே வள்ளத்தை வைத்து, வள்ளத்தின் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓலையால் மூடி, கப்பல் கட்டுகிற கயிற்றால் இறுக்கிவிட்டார். எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய தகரத் துண்டு வள்ளத்தின் தலையில் கட்டியிருந்தது. அது ஓலைக்குள் போனது. பெட்டியின் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்கள். அதற்கு மேலால் ஓலை தொங்கியது. எங்கே இறக்குவது, யாருடைய சாமான் என்று ஒரு எழுத்தும் வெளியே தெரியவில்லை. உள்ளே போன இடத்தில் 'இது எங்களுடையதல்ல' என்று திருப்பினார்கள். துறையில் மாமா இல்லாததால் 'இது உள்ளே போக வேண்டியது' என்று மறுபடி கோச்சியில் கொழுவி அனுப்பினார்கள். கண்ணூறு படாமல் மூடிய மூடலில் சொந்தக்காரனின் கண்ணும் படாமல் போனது.

அப்பா மொட்டையாக ஒரு வள்ளத்தைத் தேடினார். அம்மா பாய்ச்சீலை போர்த்த ஒன்றைத் தேடினார். ஆம், அம்மாவும் தேடினார். அதுவரை கோச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், சத்தம் கேட்டதும் வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், கோழியைக் காணேல்ல என்பார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கோழியே இல்லை.

கடைசியில் உண்மையைக் கொண்டுவந்தவை கழுதைகள். மன்னார்க் கழுதைகளைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அவை யாருக்கும் சொந்தமில்லாதவை மாதிரித் திரியும். சந்தியில் நிற்கும், கோவில் வாசலில் படுக்கும், கோச்சி வருகிற நேரம் பார்த்துத் தண்டவாளத்தில் கூட்டம் போடும். அன்றைக்கு மத்தியானம் துறைப் பக்கம் திரும்புகிற சாமான் கோச்சி, எங்கள் பூவரச மரத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது. முன்னால் கழுதைக் கூட்டம். டிரைவர் கூவ வைத்தார். கழுதைகள் காதை ஆட்டின. கார்ட் இறங்கி, தடியோடு முன்னால் நடந்தார். அந்த வெயிலில் அவர் பேசிய பேச்சை நான் எழுதமாட்டேன்.

முன்னால் நின்ற கழுதைகளை அவர் விரட்ட, இரண்டு கழுதைகள் இந்தப் பக்கமாக வந்தன. வந்தவை ஓலைப் பெட்டியைக் கண்டன. காய்ந்த ஓலையென்றால் அவற்றுக்குக் கலியாண விருந்து. கழுத்தை நீட்டி, தொங்கிய ஓலையைக் கடித்து இழுத்தன. கயிறு வெயிலில் காய்ந்து தளர்ந்திருக்க வேண்டும். ஓலை சரசரவென்று சரிந்தது. உள்ளிருந்து வள்ளத்தின் தலை வெளியே வந்தது. அதில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய தகரம் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சட்டி வாயில் வைத்தபடியே இருந்தது.

முதலில் பேசியவர் அம்மா. எப்போது வேலியைத் தாண்டி வந்தாரோ தெரியாது, எங்களுக்குப் பின்னால் நின்றார்.

"எங்க நான் குடுத்த பாய்ச்சீலை?" என்றார்.

அப்பா சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கிற நேரம், கழுதைகள் விலகி, கோச்சி அசையத் தொடங்கியது. அப்பா பேச வந்ததை விட்டுவிட்டு ஓடினார். மேட்டில் ஏறி, வள்ளத்தின் தலையில் கையை வைத்துக்கொண்டு, பெட்டியோடு கூடவே ஓடினார். நிறுத்தச் சொல்லிக் கத்தக்கூட இல்லை. மரத்தைத் தொட்டுக்கொண்டு ஓட முடிந்த தூரம் ஓடினார். பிறகு கோச்சி அவரை விட்டுவிட்டுப் போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஆட்கள் அதிகமாக இருந்தார்கள்.

அப்பா தண்டவாளத்தாலேயே நடந்து தலைமன்னாருக்குப் போனார். அடுத்த சாமான் கோச்சியில் கார்ட்டின் காலைக் கையைப் பிடித்து, ஓலையில்லாத வள்ளத்துக்குள் தானே ஏறியிருந்து வந்தார். கடல்காரன் வள்ளத்துக்குள் இருந்துகொண்டு பனங்காட்டுக்கு நடுவால் கோச்சியில் வந்து இறங்கியதை ஊர் பார்த்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன்.

"இதுவோ அது?" என்றார் ஸ்டேசன் மாஸ்டர். "இதை எத்தினை தரம் நானே கொடி காட்டி அனுப்பியிருப்பன்."

அவரும் பாவம், சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார். ஆனால் வள்ளத்தை மணலில் இறக்கி வைத்ததும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தலைப் பக்கத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு வெடிப்பு. விரல் போகிற அகலம்.

பச்சை மரத்தைக் குடைந்த வள்ளம். தண்ணீரைக் காணாமல், கீழே இரும்புப் பெட்டி கொதிக்க, மேலே ஓலை புழுங்க, அத்தனை நாள் வெயிலில் போய்ப் போய் வந்திருக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? வெடிப்பை மூட வழி என்ன என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வள்ளத்தைக் கடலில் தள்ளி, உள்ளே கல்லை ஏற்றி, தண்ணீருக்குள் தாட்டுவிட வேண்டும். மரம் உப்புத் தண்ணீரில் ஊறிப் பருத்தால் வெடிப்புத் தானாக மூடும். மூடிய பிறகு மிச்சத்துக்குப் பஞ்சும் பிசினும் வைத்து அடைக்கலாம். அப்பாவுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டு, வள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டார்.

"சுவாமியார் வரட்டும்" என்றார்.

சுவாமியார் எங்கள் ஊருக்கு நினைத்த நேரம் வருகிறவரல்ல. பல கரைகளுக்கு ஒரே சுவாமியார். அவர் வரும் நாள் குறித்தாகிவிட்டது, அதற்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை வள்ளம் மணலில் கிடந்தால் வெடிப்பு வால் வரைக்கும் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். எங்கள் கிணறு எவ்வளவு தூரம் தெரியுமா? நானும் அம்மாவும் சுமந்தோம். ஊற்றிய தண்ணீர் வெடிப்பால் ஒழுகி மணலுக்குள் போனது. மறுநாளும் சுமந்தோம். அம்மா வழியெல்லாம் ஓலையைப் பேசினார், மாமாவைப் பேசினார், கழுதையையும் பேசினார். தன்னை மட்டும் பேசவில்லை.

நான் குடத்தை மணலில் போட்டேன்.

"சுவாமியார் வாற நேரம் ஆசீர்வதிக்க வள்ளம் இருக்காது, விறகுதான் இருக்கும். அதையும் ஓலையால மூடி வையுங்கோ" என்றேன்.

அம்மா என் தலையில் குட்டினார். அப்பா அம்மாவை மட்டும் பார்த்து, "நீ மூடச் சொன்னாய், நான் தண்ணி படக்கூடாது எண்டன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதை வெடிக்க வைச்சம்" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை பிடித்ததே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

அன்று பின்னேரமே வள்ளம் கடலில் இறங்கியது. தள்ள வந்தவர்களில் அந்த அயல்வீட்டுப் பெண்ணின் புருஷனும் இருந்தார். இடுப்பளவு தண்ணீரில் வைத்துக் கல்லை ஏற்றினார்கள். உப்புத் தண்ணீர் வெடிப்பால் ஏறியது. அப்பா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது தாழும் வரைக்கும் கூடவே குனிந்தார்.

சுவாமியார் குறித்த நாளில் வந்தார். அங்கியோடும் தீர்த்தச் செம்போடும் கரையில் நின்று, வள்ளம் எங்கே என்று கேட்டார். அப்பா கடலைக் காட்டினார். சுவாமியார் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நல்ல மனிதர், மேலே ஒன்றும் கேட்கவில்லை. செபத்தைச் சொல்லி, தண்ணீரின் மேலே தீர்த்தத்தைத் தெளித்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "இப்ப ஒருத்தற்ற கண்ணும் படாது" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். சத்தியமாகத் திருப்தியோடுதான் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

மரம் ஊற வேண்டும், வெடிப்பு மூட வேண்டும், அடைக்க வேண்டும். அதற்குள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அப்பா சம்மாட்டியின் வாடிக்கு, கடற்கரைக் கொட்டிலுக்கு, போனார். நானும் கூடப் போனேன், கருவாட்டுக் கடகத்தோடு, வேறு வேலையாகப் போகிற மாதிரி. அவர் தனியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க எனக்கு முடியவில்லை.

"வலையில இடமிருக்கோ, சம்மாட்டியார்?"

"உன்ர இடத்துக்கு நான் ஒருத்தரையும் போடேல்ல" என்றார் சம்மாட்டி. "கோச்சியில வள்ளம் வருது எண்டு நீ சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும்."

இல்லையென்று துரத்தியிருந்தால் அப்பாவுக்கு அவ்வளவு நொந்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டார். செத்தாலும் தொடமாட்டேன் என்ற அதே கயிறு. எனக்கு அந்தக் கடகத்தைச் சம்மாட்டியின் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு நாளும் அப்பா அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே, எங்கள் வள்ளம் தாழ்ந்து கிடக்கிற இடத்தைப் பார்ப்பார். கோச்சி கூவினால் திரும்ப மாட்டார்.

மீன் நன்றாகப் பட்ட நாட்களெல்லாம் அப்படியே போயின. பிறகு ஒரு காலையில் கல்லை இறக்கி வள்ளத்தைத் தூக்கினார்கள். வெடிப்பு மூடியிருந்தது. ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அடைத்து, பிசின் பூசி, பாய்மரம் நாட்டினார்கள். அந்த முழு வேலையையும் அப்பா ஊர் பார்க்கத் திறந்த வெளியில் வைத்தே செய்தார். அயல்வீட்டுப் பெண் வந்து நின்று பார்த்தாள். பயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் கடைசியில், "என்ன, வடிவா இருக்கோ?" என்று கேட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா மறுபடியும் சம்மாட்டியிடம் போனார். கயிற்றை வளையமாகச் சுற்றி, அவருக்கு முன்னால் வைத்தார்.

"நாளைக்கு வரமாட்டன், சம்மாட்டியார்."

வாடியில் இருந்த ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பனங்காட்டுப் பக்கம் சாமான் கோச்சி ஒன்று கூவிக்கொண்டு போனது. சம்மாட்டி அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"இந்த முறை எதால போறாய்?"

"கடலால" என்றார் அப்பா.